ஆய்வகங்களை எழுப்பிய சாந்தி சுவரூப் பட்நாகர்

சாந்தி சுவரூப் பட்நாகர் 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அன்றைய பஞ்சாபில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. அவர் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை காலமானார். தாய்வழிப் பாட்டனார் வீட்டில்தான் அவர் வளர்ந்தார். பாட்டனார் ஒரு பொறியாளர். அந்த வீட்டில் சிறுவன் சாந்தி நூலால் இணைத்த தொலைபேசியும் மின்கலமும் செய்து விளையாடினான். பதினேழாம் வயதில், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைக் கொண்டு மின்முனை செய்யும் முறையைப் பற்றி எழுதினார். அலகாபாத்தின் 'லீடர்' நாளிதழில் அது வெளியானது.

லாகூரில் பட்டம் பெற்ற அவர், உதவித்தொகையுடன் அமெரிக்கா செல்லப் புறப்பட்டார். முதல் உலகப் போர் அப்பொழுதுதான் முடிந்திருந்தது. நாடு திரும்பும் அமெரிக்கப் படைவீரர்களால் கப்பல்கள் நிரம்பி வழிந்தன. அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனவே, லண்டனிலேயே தங்கி வேதியியல் ஆய்வு செய்து, 1921இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பேராசிரியராக இருந்தார். அப்பல்கலைக்கழகத்தின் பாடலை இந்தியில் இயற்றியவரும் அவரே. வேதியியல் பேராசிரியர் ஒருவர் இயற்றிய பாடலை மாணவர்கள் இன்றும் பாடுவது வியப்புக்குரியதுதான்!

1924இல் அவர் லாகூருக்குத் திரும்பினார். ராவல்பிண்டி அருகே எண்ணெய்க் கிணறு தோண்டி வந்த அட்டோக் எண்ணெய் நிறுவனம் அப்பொழுது ஒரு சிக்கலில் இருந்தது. கிணறு தோண்டும்போது துளைக்கருவியைச் சுற்றி நீர் கலந்த களிமண் சேற்றைச் செலுத்துவார்கள். அது கருவியைக் குளிர்விக்கும். உடைந்த பாறைத் துகள்களையும் மேலே கொண்டு வரும். ஆனால், நிலத்தடியில் இருந்த உப்பு பட்டதும் சேறு கெட்டியாகிவிட்டது. துளையிடும் வேலை நின்றது. இயந்திரம் வாங்கித் தீர்க்கக்கூடிய சிக்கல் இதுவன்று என்பதைப் பட்நாகர் உணர்ந்தார். எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிகிறதல்லவா? அதுபோலவே, நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் உப்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இந்தியாவில் எளிதில் கிடைக்கும் ஒருவகைப் பிசினைச் சேற்றில் கலந்தார். துகள்கள் ஒட்டவில்லை, சேறு இளகிய நிலையிலேயே இருந்தது.

மகிழ்ந்த நிறுவனத்தார், எண்ணெய் தொடர்பான ஆய்வுக்காக அவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்க முன்வந்தனர். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. பட்நாகர் அதைத் தமக்கென ஏற்காமல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விடச் செய்தார். அதனால் அங்கு எண்ணெய் ஆய்வுக்கென ஒரு துறையே உருவானது. மாணவர்கள் பலர் உதவித்தொகையுடன் ஆய்வு செய்தனர். மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துவது, மெழுகின் நாற்றத்தை நீக்குவது என அன்றாட வாழ்வோடு தொடர்புள்ளவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். பட்நாகரின் இச்செயலால் ஆசிரியர்களின் மதிப்பு உயர்ந்துவிட்டதாக இயற்பியல் அறிஞர் மேகநாத் சாகா அவருக்குக் கடிதம் எழுதினார்.

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த பொருள்கள் பலவற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவற்றை இந்தியாவிலேயே செய்தாக வேண்டும் என்ற நிலை உருவானது. வைசிராயின் ஆட்சிக்குழுவில் வணிகத் துறையைக் கவனித்து வந்த சர் ஆர்க்காடு இராமசாமி முதலியார், இதற்கென ஓர் ஆய்வு வாரியம் வேண்டும் என்று வலியுறுத்தினார். 1940 ஏப்ரலில் வாரியம் அமைந்தது. பட்நாகர் அதன் இயக்குநரானார்.

ஆய்வகத்தில் கண்டறிந்த ஒன்றைத் தொழிற்சாலை பயன்படுத்தினால் அதற்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டும். அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும்? அரசின் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடாமல், அடுத்த ஆய்வுகளுக்கான தனி நிதியாகச் சேர வேண்டும் என்றார் பட்நாகர். அரசும் இசைந்தது. லாகூரில் ஒரு துறைக்குச் செய்ததை அவர் இப்பொழுது ஒரு நாட்டுக்குச் செய்தார் என்றே சொல்லலாம். 1942இல் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் தன்னாட்சி அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது.

1947இல் நாடு விடுதலை பெற்றது, பிரிந்தும் போனது. பட்நாகர் பிறந்த ஊர், படித்த லாகூர், அட்டோக் எண்ணெய்க் கிணறுகள் எல்லாம் எல்லைக்கு அப்பால் சென்றுவிட்டன. அதற்கு முந்திய ஆண்டில் அவர்தம் மனைவி லாஜவந்தியும் காலமாகியிருந்தார். அவர் வேலையில் மூழ்கினார். பிரதமர் நேரு அவருக்குத் துணை நின்றார். 1950இல் மட்டும் புனேயில் வேதியியல் ஆய்வகமும், டில்லியில் இயற்பியல் ஆய்வகமும், மைசூரில் உணவு ஆய்வகமும் திறக்கப்பட்டன. மின்வேதியியல் ஆய்வகத்தைப் பெருநகரம் எதிலும் அமைக்காமல் காரைக்குடியில் அமைத்தார்கள். அதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது.

எல்லாரும் இதைப் பாராட்டவில்லை. ஆய்வு பல்கலைக்கழகங்களில்தான் வளர வேண்டும் என்பது மேகநாத் சாகாவின் கருத்து. கட்டடங்களுக்கு இவ்வளவு செலவு வேண்டுமா என்று சர் சி.வி. இராமன் கடுமையாகச் சாடினார். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மாணவரும் ஆராய்ச்சியாளரும் வெவ்வேறு வளாகங்களுக்குப் பிரிந்து போவது நாட்டுக்கு இழப்பே. ஆயினும், தொழிற்சாலையின் தேவையை அறிந்து, அதற்கென நாள்தோறும் உழைக்கும் இடம் ஒன்று அன்றைய இந்தியாவுக்கு வேண்டியிருந்தது. பட்நாகர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

ஆய்வின் பயனைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு சேர்க்க, 1953இல் தேசிய ஆய்வு வளர்ச்சிக் கழகம் என்னும் அமைப்பும் தோன்றியது. அதற்கும் அவர் பாடுபட்டார். 1955 சனவரி முதல் நாள் மாரடைப்பால் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 60.

ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1962ஆம் ஆண்டின் இந்தியப் பொதுத் தேர்தலில், வாக்களித்தவர்களின் விரலில் எளிதில் அழியாத மை வைக்கப்பட்டது. ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுப்பதற்கான மை அது. அதன் கலவையை உருவாக்கியது டில்லி இயற்பியல் ஆய்வகம். அதைத் தயாரிக்கும் உரிமையைத் தேசிய ஆய்வு வளர்ச்சிக் கழகத்தின் வழியாகப் பெற்றது மைசூரில் உள்ள ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை.