ஸ்பிட்ஃபயரைப் படைத்த மனிதர்

போர் விமானம்னு சொன்னாலே நம்ம மனசுல வருவது அதை ஓட்டிய வீரர்கள்தான். இந்த முறை நான் எழுதுவது போர்க்களத்தையே பார்க்காத ஒருத்தரைப் பற்றி. பெயர் ரெஜினால்ட் ஜோசப் மிட்செல். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தை வடிவமைத்தவர். இயந்திரப் பொறியியல் படிக்கிற எனக்கு அவர் ஒரு மூத்த அண்ணன் மாதிரி.

1895-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் பிறந்தார். 16 வயதில் ரயில் இன்ஜின் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பகலில் பட்டறை, இரவில் கணித வகுப்பு. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. 1917-ல் சௌத்தாம்ப்டன் நகரின் சூப்பர்மரீன் நிறுவனத்தில் சேர்ந்தவர், சில ஆண்டுகளிலேயே தலைமை வடிவமைப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவயதுதான். நமக்கெல்லாம் அந்த வயசுல முதல் வேலை கிடைச்சாலே பெரிசு!

அந்தக் காலத்தில் கடல் விமானங்களுக்கு ஷ்னைடர் கோப்பைன்னு ஒரு வேகப் போட்டி இருந்தது. 1925-ல் மிட்செலின் எஸ்.4 விமானம் போட்டிக்கு முன்பே கடலில் விழுந்தது. விமானி உயிர் தப்பினார். மிட்செல் விடவில்லை. 1927, 1929, 1931 என மூன்று முறை அவருடைய விமானங்கள் வென்று, கோப்பை நிரந்தரமாகப் பிரிட்டனுக்கே வந்தது. 1931-ல் அவருடைய எஸ்.6பி மணிக்கு சுமார் 655 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

ஆனா பந்தய விமானம் வேற, போர் விமானம் வேற. 1934-ல் பறந்த அவருடைய முதல் போர் விமானம், டைப் 224, தோல்வி. தடித்த இறக்கை, மடக்க முடியாத சக்கரங்கள், அடிக்கடி சூடேறும் இன்ஜின். விமானப்படை அதை வேண்டாம்னு சொல்லிவிட்டது.

இதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு மலக்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் வயிற்றில் பொருத்திய பையோடுதான் வாழ வேண்டியிருந்தது. நோய் திரும்ப வரலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஓய்வெடுக்க வேண்டிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 1934-ல் தானே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். தோற்றுப்போன வடிவத்தை ஓரமா வைத்துவிட்டு, புதுசா வரைய ஆரம்பித்தார்.

புது விமானத்தில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின், மடங்கும் சக்கரங்கள், நீள்வட்ட வடிவ இறக்கை. இறக்கை மெல்லிசா இருந்தால் காற்றின் எதிர்ப்பு குறையும். ஆனா அதற்குள்ளேயே சக்கரமும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் அடங்கணும். நீள்வட்ட இறக்கை அடிப்பகுதியில் அகலமா இருப்பதால் இரண்டுமே சாத்தியமாச்சு. பெவர்லி ஷென்ஸ்டோன் போன்ற குழுவினரின் உழைப்பும் அதில் இருக்கிறது.

1936 மார்ச் 5-ல் ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் பறந்தது. மூன்றே மாதத்தில் அரசு 310 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆனால் புற்றுநோய் திரும்பியது. சிகிச்சைக்காக வியன்னா வரை போனார், பலனில்லை. 1937 ஜூன் 11-ல், 42 வயதில் இறந்தார். அவர் படைத்த விமானம் விமானப்படையில் சேர்ந்ததே 1938-ல்தான்.

1940-ல் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டன் மீது அலை அலையாய் வந்தபோது, நம்ம வயசு இளைஞர்கள் ஒரு நாளைக்குப் பல முறை ஸ்பிட்ஃபயரில் ஏறினார்கள். பலர் திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் போரில் எண்ணிக்கையில் அதிகம் இருந்தது ஹரிக்கேன் விமானம்தான். ஆனாலும் வேகமான ஜெர்மன் மெசர்ஷ்மிட்டுக்கு ஈடுகொடுத்தது ஸ்பிட்ஃபயர். மிட்செலுக்குப் பின் ஜோ ஸ்மித் அதை மேம்படுத்திக்கொண்டே போனார். மொத்தம் 20,000-க்கும் மேல் தயாராயின.

இந்தக் கதை நம்ம மண்ணிலும் முடிகிறது. மலாயா அவசரகாலத்தில், 1951 ஜனவரி 1-ல், பிரிட்டிஷ் விமானப்படை ஸ்பிட்ஃபயரின் கடைசித் தாக்குதல் ஜொகூர் கோத்தா திங்கி பகுதியில் நடந்தது. 1954 ஏப்ரல் 1-ல் சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து அதன் கடைசிப் படப்பிடிப்புப் பயணம் கிளம்பியது.

நண்பர்களே, முகம் தெரியாத ஒரு விமானியின் உயிரைத் தாங்கப்போகும் இறக்கையை, தன் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் வரைந்தார். துணிச்சல் வரைபட மேசையிலும் உண்டு. பலனைப் பார்க்க நாம் இருப்போமா என்று கேட்காமல் வேலையைச் சரியா முடிப்பதும் வீரம்தான்.