செப்புத் தகட்டில் ஒரு சாட்சியம்

வாளேந்தியவர்களின் வரலாற்றை ஏடுகள் விரித்துரைக்கும். வாளுக்கு இரையானவர்களின் வரலாற்றைச் செப்புத் தகட்டில் பொறித்தவர் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா ஆவார்.

ஸ்பெயின் நாட்டின் புவென்டேடோடோஸ் என்னும் சிற்றூரில், பொன்பூச்சுக் கைவினைஞர் ஒருவரின் மகனாக 1746ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் கோயா பிறந்தார். 1789இல் அரசவை ஓவியரானார். 1792இன் இறுதியில் தாக்கிய கடும்நோய் அவர்தம் செவிப்புலனைப் பறித்தது. 1799இல் 80 அச்சுப்படங்கள் கொண்ட 'காப்ரிச்சோஸ்' தொகுதியை வெளியிட்டு, மூடத்தனத்தையும் போலிச் சமயவாதிகளையும் எள்ளி நகையாடினார். விரைவிலேயே அதன் விற்பனையை நிறுத்த நேர்ந்தது.

1808ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், நெப்போலியனின் படைக்கு எதிராக மத்ரித் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிடிபட்டோர் அன்றிரவும் மறுநாளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெப்போலியனின் தமையன் ஜோசப் அரியணை ஏறினார். அவ்வயல் மன்னரிடமும் கோயா பதவியில் நீடித்தார், விருதும் பெற்றார். எனினும் 1810 முதல் அவர் கை வேறொரு பணியிலும் ஈடுபட்டிருந்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து, மையிட்டுத் தாளில் ஒற்றியெடுக்கும் முறையில் 'போரின் பேரழிவுகள்' உருவாயிற்று. தகடு அரிதாகிவிட்ட காலமாதலால், தம் பழைய இயற்கைக் காட்சித் தகடுகள் இரண்டை வெட்டி அவற்றின் பின்புறத்தையும் பயன்படுத்தினார்.

ஒரு படத்தில் மண்டியிட்டுக் கதறும் மக்கள். சுடுவோர் எவரும் தென்படவில்லை, துப்பாக்கி முனைகள் மட்டுமே ஓரத்தில் நீள்கின்றன. மற்றொன்றில் பிணங்களின் மேல் நின்று பீரங்கியை இயக்குகிறாள் சரகோசா நகரின் வீரப்பெண். மத்ரித்தில் 1811, 1812 ஆண்டுகளில் நிகழ்ந்த பட்டினிச் சாவுகளும் இடம்பெறுகின்றன. தம் நாட்டு மக்கள் இழைத்த கொடுமைகளையும் கோயா மறைத்தாரல்லர். இந்நடுநிலையே அத்தொகுதிக்குச் சாட்சியத்தின் தகுதியைத் தருகிறது.

1814இல் அந்நியர் அகன்றனர். மீண்டு வந்த மன்னர் ஏழாம் பெர்னாண்டோ, 1812ஆம் ஆண்டின் அரசியலமைப்பை நீக்கிக் கொடுங்கோலாட்சி புரிந்தார். கோயாவின் ஊசி அவரது ஆட்சியையும் விடவில்லை. ஓநாய் ஒன்று இறகு கொண்டு ஆணை எழுதுவதாக ஒரு படம். உண்மை என்னும் நங்கை இறந்து கிடக்க, அவளைப் புதைக்க முனைவோர் சூழ்ந்து நிற்பதாக மற்றொரு படம். அவள் மீண்டும் எழுவாளோ என வினவுகிறது அடுத்த படம்.

அச்சூழலில் இப்படங்களை வெளியிடுதல் இயலாதாயிற்று. 1824இல் பிரான்சு சென்ற கோயா, 1828ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போர்தோ நகரில் மறைந்தார். 35 ஆண்டுகள் கழித்து, 1863இல் சான் பெர்னாண்டோ கலைக்கழகம் 80 படங்களை அச்சிட்டு வெளியிட்டது. மூன்று அரசுகளுக்குப் பணிபுரிந்த அவ்வோவியரின் விருதுகளை இன்று நினைவுகூர்வோர் சிலரே. அவர் வெளியிட இயலாமற்போன தகடுகளையே உலகம் போற்றுகின்றது.