தங்கையைப் பறித்த புற்றுநோய்... அடையாறில் மருத்துவமனை எழுப்பிய முத்துலட்சுமி ரெட்டி!

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் தேவதாசி முறை ஒழிப்புதான் பலருக்கும் ஞாபகம் வரும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் அவரால்தான்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923-ல் அவரது தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. 1927-ல் சென்னை மாகாண சட்ட மேலவைத் துணைத் தலைவரான பிறகும், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் வெறும் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி துணை நின்றார். 1957-ல் கோபால்ட் கதிர்வீச்சு கருவியும் வந்தது.

கருவி மட்டும் போதாதா?

போதாது. நிணநீர் மண்டலத்தில் வரும் லிம்போமா புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இதற்குக் கதிர்வீச்சு கொடுத்தால், அது படும் இடத்தில் உள்ள எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். ரத்த அணுக்கள் உருவாவதே அங்குதான். வெள்ளை அணுக்கள் குறைந்தால் தொற்று வரும். தட்டணுக்கள் குறைந்தால் ரத்தக்கசிவு வரும். அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்வார்கள். எண்ணிக்கை ரொம்ப இறங்கிவிட்டால் சிகிச்சையைச் சில நாள் நிறுத்தவும் வேண்டிவரும்.

மண்ணீரலை ஏன் எடுத்தார்கள்?

லிம்போமாவில் மண்ணீரல் வீங்கினால், ரத்த அணுக்களை அது தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை இன்னும் சரியும். அதை எடுத்துவிட்டால் எண்ணிக்கை ஏறலாம். ஹாட்ஜ்கின் லிம்போமா எதுவரை பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்காகவும் ஒரு காலத்தில் எடுத்தார்கள். இப்போது அந்த வேலையை ஸ்கேன் செய்கிறது. மண்ணீரல் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசிகள் அவசியம். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தூரம்தான் பிரச்சினை

கதிர்வீச்சை வாரத்துக்கு 5 நாள் வீதம், பல வாரங்கள் கொடுப்பார்கள். சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டியிலிருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வர முடியுமா? வேலை போகும், கையிருப்பு கரையும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். கருவி, பரிசோதனைக்கூடம், அறுவை அரங்கு, படுக்கை எல்லாம் ஒரே இடத்தில், ஏழைக்கும் எட்டுகிற செலவில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். முத்துலட்சுமி தொடங்கியது அப்படியொரு அறக்கட்டளை மருத்துவமனை.

1968-ல் அவர் மறைந்தார். தங்கைக்குக் கிடைக்காத சிகிச்சை, இன்றும் அடையாறில் ஏழைகளுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.