வானவழி வாணிகமும் ஜே. ஆர். டி. டாடாவும்

ஆண்டு மலர்களில் புலவர், அருளாளர், நாட்டுத் தலைவர் ஆகியோருடைய வரலாறுகள் இடம்பெறுவது மரபு. வணிகர் ஒருவருடைய வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுந்த நம்மைப் பார்த்துச் சிலர் வியப்புறலாம். எனினும் நாகபுரியில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு இவ்வரலாற்றில் இருவகை உரிமை உண்டு. டாடா குலத்தின் தொழில் முதல்வரான ஜம்ஷெட்ஜி டாடா, தமது எம்பிரஸ் பஞ்சாலையை 1877 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இயக்கி வைத்தது இந்நகரில்தான். அக்குலத்தில் தோன்றிய ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா இந்நாட்டில் தொடங்கிய முதல் விமானத் தபால், கராச்சியில் புறப்பட்டு முடிவாகச் சென்றடைந்த ஊர் நமது சென்னை. வாழும் ஊரும் பிறந்த நாடும் ஒருங்கே தொடர்புற்ற இப்பெரியாரின் வாழ்வை நாம் அறிந்துகொள்ளுதல் தக்கதேயாகும்.

இளமை

ஜே. ஆர். டி. என்று யாவராலும் வழங்கப்பெற்ற அவர், 1904 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஜம்ஷெட்ஜியின் உறவினர். தாயார் பிரெஞ்சு நாட்டு அம்மையார். இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த பிளேரியோ என்பார்க்கு, பிரான்சின் ஹார்டெலோ கடற்கரையில் ஒரு வீடு இருந்தது. விடுமுறை நாட்களை அக்கடற்கரையில் கழித்த சிறுவர் ஜே. ஆர். டி.க்கு வானத்தின்மேல் ஆசை வேர்கொண்டதும் அங்கேதான்.

கேம்பிரிட்ஜ் சென்று கல்வி கற்க அவர் விரும்பினார். தந்தையார் அவரை அழைத்துத் தொழிலில் அமர்த்தினார். 1926-ல் தந்தையாரும் மறைந்தார். ஆகவே பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இன்றியே அவர் வாழ்க்கைக் களத்தில் இறங்கலானார். இக்குறையை அவர் தம் நூற்பயிற்சியாலும் உழைப்பாலும் ஈடுசெய்துகொண்டார். 1929-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்து இந்தியராயினார். அதே ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பெற்ற அவ்வுரிமத்தின் எண் ஒன்று.

1930-ல் நிகழ்ந்ததொரு போட்டியை இங்குக் குறிப்பிடல் வேண்டும். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறந்து செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு தருவதாக ஆகா கான் அறிவித்திருந்தார். ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி இன்ஜினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே பறந்தார். எகிப்து நாட்டு அபுகீர் விமான நிலையத்தில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பியின் விமானம் ஸ்பார்க் பிளக் பழுதுற்று நின்றிருந்தது. தம்மிடம் உபரியாக இருந்ததை ஜே. ஆர். டி. எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேரம் முந்திச் சென்று பரிசைப் பெற்றார். பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைப் பதவியையும் எய்தினார். போட்டியாளன் பழுதுற்றுக் கிடக்க நாம் வெல்லுதல் வெற்றியன்று என்னும் எண்ணம், ஜே. ஆர். டி.யிடம் இருபத்தைந்தாம் வயதிலேயே இருந்தது.

தபால் சுமந்த சிறு விமானம்

அக்காலத்தில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டனிலிருந்து கராச்சி வரை தபால் கொணர்ந்தது. அங்கிருந்து தபால் ரயிலில் ஏறி நாள் கணக்கில் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அந்த இடைவெளியைக் கண்டவர் நெவில் வின்ஸென்ட் என்னும் விமானி. அவர் வகுத்த திட்டத்தை ஜே. ஆர். டி. ஏற்று, தொழிலின் தலைவராயிருந்த ஸர் தோராப்ஜி டாடாவின் இசைவைப் பெற்றார். முதலீடு 2 இலட்சம் ரூபாய்.

அவர்கள் கையாண்ட முறை கருதத்தக்கது. பெரிய நாடுகளின் விமானக் கம்பெனிகள் அரசாங்க மானியத்தில் பறந்தன. டாடாக்களோ மானியம் கேளாமல், சுமக்கும் தபாலின் எடைக்குத் தக்க கூலியே போதும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். பயணி வருவார், வராதொழிவார். தபால் நாள்தோறும் வந்தே தீரும். உறுதியான சரக்கை முதலில் பற்றிக்கொண்டு, செலவு குறைந்த சிறு விமானத்தால் அதனைச் சுமந்து, நற்பெயர் ஈட்டியபின் பயணிகளை நாடுவது என்பதே அவர்களது உபாயம்.

1932 அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. தாமே கராச்சியில் ஒரு புஸ் மாத் விமானத்தில் ஏறி, ஆமதாபாத்தில் இறங்கிப் பம்பாய் ஜுஹுவை வந்தடைந்தார். அங்கிருந்து வின்ஸென்ட் தபாலைப் பெற்றுப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். ஆமதாபாத்தில் விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன என்பர். ஜுஹுவின் தரையோ மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். அப்போது பூனாவுக்கு இடம் பெயர வேண்டும். இத்துணை இடர்ப்பாட்டிலும் முதல் ஆண்டில் சுமார் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் பத்து டன் அளவுக்குத் தபாலையும் சுமந்து, 60,000 ரூபாய் இலாபம் ஈட்டினர். அதனினும் பெரிது, குறித்த நேரத்தில் தபாலைச் சேர்ப்பித்த அவர்களது ஒழுங்கு. அரசாங்கத்தின் விமானத் துறையே அதனைப் பாராட்டிற்று. 1935-ல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் சேவை நீண்டது.

போட்டி பெருகிய காலம்

1938-ல், தமது முப்பத்து நான்காம் வயதில், ஜே. ஆர். டி. டாடா தொழில்கள் அனைத்துக்கும் தலைவரானார். உலகப் போர் முடிந்தபின், 1946-ல் டாடா ஏர்லைன்ஸ் பொதுமக்களும் பங்கு கொள்ளத்தக்க ஏர் இந்தியா என்னும் கம்பெனியாயிற்று. அதே காலத்தில் ஒரு புதிய நிலைமை தோன்றிற்று. போரில் பயன்பட்டு எஞ்சிய டக்கோட்டா விமானங்கள் மலிவான விலைக்குக் கிடைத்தன. பணம் படைத்தோர் பலரும் விமானக் கம்பெனி தொடங்க முற்பட்டனர். அரசாங்கமும் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு உரிமம் அளித்தது. நாட்டில் உள்ள பயணிகளின் தொகைக்கு இத்தனை கம்பெனிகள் வாழ இயலாது என்று ஜே. ஆர். டி. எச்சரித்தார்.

ரயில்வே குமாஸ்தா வேலையில் நாட்களைக் கழிக்கும் நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். வண்டி புறப்பட்டபின் காலியாகக் கிடக்கும் படுக்கையை மறுநாள் விற்க முடியாது. அதன் வரவு போனது போனதே. விமானத்தில் இருக்கையோ சில, செலவோ பெரிது. பெட்ரோல், விமானியின் சம்பளம், இயந்திரப் பராமரிப்பு ஆகிய இவை பயணிகள் பதின்மராயினும் இருபதின்மராயினும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு விமானத்துக்கே போதிய பயணிகள் உள்ள வழியில் மூன்று விமானங்கள் பறந்தால், மூன்றும் பாதி காலியாகப் பறந்து மூன்றும் நட்டமடையும். அவ்வாறே நிகழ்ந்தது. அம்பிகா, ஜூபிடர் போன்ற கம்பெனிகள் சில ஆண்டுகளுக்குள் மறைந்தன. 1950-ல் ஆராய்ந்து அறிக்கை தந்த ராஜாத்யக்ஷா குழுவினரும் கம்பெனிகளின் தொகை மிகை என்றே கண்டனர்.

ஏற்கெனவே களத்தில் நிற்பவர் புதியவரை வரவேண்டாம் என்பது தந்நலமன்றோ என்று கேட்போர் அன்றும் இருந்தனர். அக்கேள்வி தள்ளத்தக்கதன்று. கம்பெனிகள் குறைந்தால் ஆதாயமடைவோருள் டாடாக்களும் இருந்தனர் என்பது மெய்யே. ஆயினும் கணக்குச் சொன்னவர் யார் என்பதைக் காட்டிலும் கணக்குச் சரியா என்பதே பார்க்கத்தக்கது. அவர் சொன்ன கணக்கு சரியாகவே முடிந்தது.

நாகபுரியின் நள்ளிரவு

இந்நிலையில் நமது நகரம் இவ்வரலாற்றுள் புகுகின்றது. 1949-ல் அமைச்சர் ரபி அகமது கித்வாயின் முயற்சியால் இரவுத் தபால் திட்டம் தொடங்கப்பெற்றது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபாலை மாற்றிக்கொண்டு விடியுமுன் தத்தம் ஊர் திரும்பின. இரவில் பறப்பதற்கு வேண்டிய வழிகாட்டிக் கருவிகள் நாட்டில் போதுமான அளவு இல்லை என்று கூறி ஜே. ஆர். டி. இதனைக் கடுமையாக எதிர்த்தார்.

நடுவுநிலைமையோடு நோக்கின் இருபக்கமும் உண்மை உண்டு. அத்திட்டம் பல்லாண்டுகள் நிலைத்து நின்று, மாலையில் எழுதிய கடிதத்தை மறுநாட் காலையில் தொலைவூரில் சேர்ப்பித்தது. தொலைவில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இஃது எத்துணை ஆறுதல் தந்திருக்கும்! அதே சமயம், 1953 டிசம்பரில் நாகபுரியிலிருந்து எழும்பிய இரவு விமானம் ஒன்று வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். ஜே. ஆர். டி. அஞ்சியது வீண் அச்சமன்று. பயனையும் ஆபத்தையும் ஒருங்கே எடை போடுதல் எவர்க்கும் எளிதன்று என்பதே இதனால் அறியத்தக்கது.

நாட்டுடைமையும் உலகப் போட்டியும்

உள்நாட்டில் நிலைமை இவ்வாறிருக்க, அயல்நாட்டு வானில் ஜே. ஆர். டி. வேறொரு வழி வகுத்திருந்தார். அரசாங்கம் நூற்றுக்கு 49 பங்கும், டாடாக்கள் 25 பங்கும், எஞ்சியதைப் பொதுமக்களும் கொள்ளும் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1948-ல் அமைந்தது. அவ்வாண்டு ஜூன் 8 ஆம் நாள் மலபார் பிரின்ஸஸ் என்னும் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குச் சென்றது. அதே விமானம் 1950 நவம்பரில் மான்ட் பிளாங்க் மலையில் மோதி, அதில் இருந்த 48 பேரும் மாண்டது பெருந்துயரம்.

1953 ஆகஸ்டு முதல் நாள் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. உள்நாட்டுக் கம்பெனிகள் எட்டும் இந்தியன் ஏர்லைன்ஸாக இணைந்தன. அயல்நாட்டுச் சேவை தனிக் கார்ப்பொரேஷன் ஆயிற்று. இருபது ஆண்டுகள் வளர்த்த நிறுவனம் கைவிட்டுப் போயிற்று. இம்முடிவை எதிர்த்து வாதாடியவர் ஜே. ஆர். டி. ஆயினும் அயல்நாட்டுச் சேவையின் தலைமையை ஏற்குமாறு அரசாங்கம் வேண்டியபோது, ஊதியமின்றி அதனை ஏற்றார். உடைமை போயினும் கடமை போகவில்லை என்று கருதினார் போலும்.

பி. ஓ. ஏ. ஸி., பான் அமெரிக்கன் முதலிய பெருங் கம்பெனிகளோடு விமானத் தொகையில் போட்டியிட ஏழை நாட்டுக்கு இயலாது. பிறர் பணத்தால் வெல்லுமிடத்தில் நாம் பணிவிடையால் வெல்லவேண்டும் என்பதே அவரது வழி. நேரந்தவறாமை, தூய்மை, விருந்தோம்பல் ஆகிய மூன்றையும் அவர் இடைவிடாது கண்காணித்தார். தாம் பயணம் செய்த போதெல்லாம் தேநீரின் நிறம், இருக்கையின் சாய்வு, கழிப்பறையின் தூய்மை வரை குறிப்பெழுதி அதிகாரிகளுக்கு அனுப்புவார். பாபி கூக்கா, ஓவியர் உமேஷ் ராவ் ஆகியோர் 1946-ல் படைத்த மகாராஜா உருவம், தலை வணங்கி விருந்தினரை வரவேற்று உலகெங்கும் புகழ் பெற்றது. 1960-ல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்தன. அவ்வாண்டிலேயே நியூயார்க் வரை சேவை நீண்டது.

1978 புத்தாண்டு நாளில் எம்பரர் அசோகா என்னும் ஜம்போ விமானம் பம்பாய்க் கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாயின் அரசாங்கம் ஜே. ஆர். டி.யைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கிற்று. இருபத்தைந்து ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர்க்கு நேர்ந்த இம்முடிவு பலரை வருத்திற்று. 1980-ல் இந்திரா காந்தியின் அரசாங்கம் அவரை மீண்டும் நிர்வாகக் குழுவில் அமர்த்தியபோது, பழைய மனக்குறை பாராட்டாது உறுப்பினராகப் பணியாற்றினார். 1982 அக்டோபர் 15 ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டி வந்து பொன்விழாக் கொண்டாடினார். 1992-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29 ஆம் நாள் ஜெனிவாவில் காலமானார்.

நாம் அறிவது யாது?

அவர் மறைந்த மறு ஆண்டே, 1994-ல், விமானத் துறை மீண்டும் தனியார்க்குத் திறந்துவிடப்பட்டது. கம்பெனிகள் பல எழுந்தன, பல வீழ்ந்தன. கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும் பறத்தலை நிறுத்தின. அரசாங்கத்தின் ஏர் இந்தியாவும் கடனில் ஆழ்ந்து, 2022 ஜனவரி 27 ஆம் நாள் டாடாக்களிடமே திரும்பியது. ஆகவே தனியுடைமையாயின் இலாபம், பொதுவுடைமையாயின் நட்டம் என்றோ, அதற்கு மறுதலையாகவோ ஒரே சொல்லில் முடிவு கூற இத்துறை இடம் தரவில்லை.

இருக்கைக்குத் தக்க பயணி உண்டோ என்று எண்ணாமல் விமானம் வாங்கியவர், தனியாராயினும் அரசினராயினும், வீழ்ந்தனர். மாட்டு வண்டியில் வந்த பெட்ரோலைக் கொண்டு நேரந்தவறாமல் பறந்த 1932 ஆம் ஆண்டின் சிறு கம்பெனியோ இலாபம் கண்டது. கையில் உள்ள பணியை ஒழுங்குறச் செய்து பெயர் பெறுக; பெயர் பெற்றபின் பெருகுக; உடைமை பறிபோயினும் பணியில் தளராதிருக்க. இவை மூன்றும் ஜே. ஆர். டி.யின் வாழ்வு காட்டும் நெறிகள். ஊர் விட்டு ஊர் வந்து சிறு கடையும் சிறு தொழிலும் நடத்தும் நம் சங்கத்து அன்பர்களுக்கும், வேலை தேடித் திரியும் நம் இளைஞர்களுக்கும் இந்நெறிகள் விமானம் ஏறாமலேயே பயன்படுவனவாம்.