கோபத்தை ஜெபத்தால் வென்ற சாது சுந்தர் சிங்



ராபர்ட்சன்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த முதியோர் எவரும் பாறை வெடிப்பை மறந்திருக்கமாட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்ற சுரங்கங்கள் இங்கே இருந்தன. மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு பல காலம் அமைதியாய் நின்ற பாறை, ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். கீழே இறங்கியவர் திரும்பி வருவாரோ என்று பெண்களும் பிள்ளைகளும் கலங்குவார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் வேலையிழந்த வீடுகளுக்குள் வேறொரு அழுத்தம் குடிபுகுந்தது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, பெங்களூரில் பாடுபட்டு, இரவு களைப்போடு வீடு திரும்பும் தகப்பன் தன் பிள்ளையின் ஒரு சிறு சொல்லுக்கும் சீறுகிறான். கடனும் கசப்பும் ஒருவனை மதுக்கடை வாசலுக்கு இழுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கண்ணீரோடு பாடியவர், திங்கட்கிழமை காலையிலேயே வெடித்துவிடுகிறார். பின்பு, நான் உண்மையாகவே இரட்சிக்கப்பட்டவன்தானா என்று தனிமையில் தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கேள்வி உங்கள் உள்ளத்திலும் எழுந்ததுண்டா? அப்படியானால் நம் தேசத்தின் பக்தர் ஒருவருடைய வாழ்க்கையைச் சற்றே தியானிப்போம்.

எரிக்கப்பட்ட சுவிசேஷம்

1889 செப்டம்பர் 3 அன்று பஞ்சாபின் ராம்பூர் கிராமத்தில், செல்வமிக்க சீக்கியக் குடும்பத்தில் சுந்தர் சிங் பிறந்தார். தகப்பனார் ஷேர் சிங் நிலவுடைமையாளர். தாயாரோ ஆழ்ந்த பக்தியுடையவர். தம் இளைய மகன் ஒரு சாதுவாக வேண்டும் என்பதே அந்தத் தாயின் ஆசை. ஏழு வயதிலேயே சுந்தர் பகவத்கீதையை மனப்பாடமாய் அறிந்திருந்தார் என்பர்.

ஏறத்தாழ பதினான்கு வயதில் அவர் தாயை இழந்தார். அந்த இழப்பின் துயரம் நாளடைவில் கோபமாக மாறிற்று. கிராமத்து மிஷன் பள்ளியில் வேதாகமம் வாசிக்கவேண்டியிருந்தது அந்தக் கோபத்துக்கு ஓர் இலக்கைக் கொடுத்தது. அவர் பிரசங்கிமார்மேல் கல்லையும் சேற்றையும் எறிந்தார். 1904 டிசம்பர் 16 அன்று சுவிசேஷப் புத்தகத்தைக் கிழித்துத் தீயில் இட்டார். கிறிஸ்தவரல்லாத அவருடைய தகப்பனாரே இந்தச் செயலைக் கண்டு திகைத்துக் கடிந்துகொண்டார்.

புத்தகம் சாம்பலாயிற்று, உள்ளத்துக்கோ சமாதானம் வரவில்லை. கோபத்தை வெளியே கொட்டிவிட்டால் மனம் இலேசாகிவிடும் என்று நாமும் எண்ணுகிறோம். சுந்தருக்கு நேர்ந்தது அதற்கு மாறானது. அடுத்த இரண்டு நாட்களில் அவர் கலக்கம் பெருகிற்று. டிசம்பர் 18 அன்று அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, குளிர்ந்த நீரில் குளித்து, மெய்யான தேவன் உண்டானால் தமக்கு வழிகாட்டவேண்டும் என்று மன்றாடினார். பதில் கிடைக்காவிடில், ஐந்து மணி இரயிலின் முன் தண்டவாளத்தில் தலைவைத்து மாள்வது என்று தீர்மானித்திருந்தார். விடியுமுன் அறையில் ஒளி நிரம்பக் கண்டார். தாம் எதிர்த்த இயேசுவே தம்மை அன்போடு நோக்கி நின்றதாக வாழ்நாளெல்லாம் சாட்சி கூறினார். தமஸ்கு வழியில் சவுலைச் சந்தித்தவர், ராம்பூரில் ஒரு பதினைந்து வயது வாலிபனைச் சந்தித்தார்.

கோபத்தைத் தாங்கும் முறை

இப்போது கோபம் மறுபக்கத்திலிருந்து வந்தது. குடும்பத்தார் கெஞ்சினார்கள், ஆசை காட்டினார்கள், மிரட்டினார்கள். சுந்தர் தம் நீண்ட தலைமுடியை வெட்டிக்கொண்டபோது வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். புறப்படுமுன் உண்ட உணவில் நஞ்சு கலந்திருந்தது. ரோபாரில் இரயிலைவிட்டு இறங்கி, அங்கிருந்த கிறிஸ்தவர்களின் பராமரிப்பினால் உயிர்பிழைத்தார். 1905 செப்டம்பர் 3 அன்று, தம் பதினாறாம் பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப்பின் காவியுடை தரித்து, பணமில்லாமல், வெறுங்காலோடு சாதுவாய்ப் புறப்பட்டார்.

1909-இன் இறுதியில் அவர் லாகூரிலுள்ள வேதசாஸ்திரக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு மாணவர் அவரை ஓயாமல் பகைத்து வந்தார். ஒருநாள் மரத்தடியில் தனித்திருந்த சுந்தர் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவதைக் கண்டு, அந்த மாணவர் மறைவாய் நெருங்கிக் கேட்டார். சுந்தர் ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த ஜெபத்தில் தம் பெயரே ஒலிப்பதைக் கேட்டு மாணவர் திடுக்கிட்டார். சுந்தர் முறையிடவில்லை, தாம் அவரை எவ்விதத்திலாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கும்படியும், இருவருக்கும் இடையில் அன்பைத் தரும்படியும் கண்ணீரோடு வேண்டிக்கொண்டிருந்தார். பகைத்தவர் உடைந்துபோனார். அன்றோடு பகை முடிந்து, நட்பு தொடங்கிற்று.

இமயமலைச் சாரலில் மற்றொரு நிகழ்ச்சி. வயலில் அறுவடை செய்துகொண்டிருந்தவர்களிடம் சாது சுவிசேஷம் பேசினார். அவர்கள் எரிச்சலடைந்தார்கள், ஒருவன் எறிந்த கல் அவர் தலையில் பட்டது. சற்று நேரத்தில் எறிந்தவனே கடுந்தலைவலியால் வேலையை விடும்படியாயிற்று. சாது அவனுடைய அரிவாளை எடுத்துக்கொண்டு, அவன் அறுக்கவேண்டிய கதிரைத் தாம் அறுக்கத் தொடங்கினார். மாலையில் அதே மனிதர்கள் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று, அவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டார்கள். நம்மைச் சபிக்கிறவர்களை ஆசீர்வதிக்கவேண்டும் என்ற ஆண்டவரின் கட்டளை (லூக்கா 6:28) அன்று ஓர் அரிவாளின் வழியே நிறைவேறிற்று.

காட்டில் நடந்த போராட்டம்

இவற்றை வாசிக்கும்போது, சாதுவுக்குக் கோபமே வராதுபோலும் என்று தோன்றலாம். அப்படியல்ல என்று அவரே அறிக்கையிட்டார்.

1920-இல் அவர் இங்கிலாந்து சென்றபோது, பாளையங்கோட்டையில் பிறந்தவரும் பின்னாளில் கோயம்புத்தூர் பேராயரானவருமான ஏ.ஜே. அப்பாசாமி ஆக்ஸ்ஃபோர்டில் கல்வி பயின்றுகொண்டிருந்தார். அவரும் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஸ்ட்ரீட்டரும் சாதுவோடு நெருங்கிப் பேசி, 1921-இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். சாதுவின் உள்ளத்துப் போராட்டங்கள் அதனால் நமக்குத் தெரியவருகின்றன.

பசியும் தாகமும் வாட்டும்போது, கர்த்தர் தம்மைக் கைவிட்டாரோ என்று அவர் முறுமுறுத்ததுண்டு. இந்த அலைச்சலை விட்டுவிட்டு, தகப்பன் வீட்டுச் செல்வத்தோடு மணம்புரிந்து வாழ்ந்தாலும் நல்ல கிறிஸ்தவனாய் இருக்கலாமே என்ற எண்ணம் அவரை இழுத்ததுண்டு. தாம் அனுபவிக்கும் சமாதானம் தேவன் தந்ததா, தம் மனதின் ஆற்றலா என்ற ஐயமும் எழுந்ததுண்டு. இவற்றோடு, களைத்திருக்கும் நேரத்தில் மக்கள் வந்து கேள்விமேல் கேள்வி கேட்டால் எரிச்சல் மூளும்.

1913-இல், ஆண்டவரைப்போல் நாற்பது நாள் உபவாசிக்கும் விருப்பத்தோடு ஹரித்துவாருக்கும் டேராடூனுக்கும் இடையிலுள்ள காட்டுக்குச் சென்றார். நாட்களை எண்ணுவதற்கு நாற்பது கற்களை அருகில் வைத்துக்கொண்டார். உடல் தளர்ந்தது, பார்வை மங்கிற்று, கற்களை நகர்த்தவும் வலுவில்லாமற்போயிற்று. மூங்கில் வெட்ட வந்தவர்கள் அவரைக் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி அதற்குள் பரவியிருந்தது. எத்தனை நாள் உபவாசித்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. நாற்பது நாள் என்ற நோக்கம் நிறைவேறியதாக எவரும் உறுதி கூறமுடியாது.

ஆனால் அவர் காட்டிலிருந்து கொண்டுவந்தது நாட்களின் கணக்கையல்ல. உடல் ஒடுங்க ஒடுங்க ஆவி தெளிவடைந்ததை உணர்ந்ததால், தமக்குள்ள சமாதானம் தம் சொந்த ஆற்றல் அல்ல என்று அறிந்துகொண்டார். பழைய வாழ்வின் இழுப்பும் முறுமுறுப்பும் அவரைவிட்டு நீங்கின. எரிச்சலோ பெரிதும் குறைந்தது. எனினும் முற்றிலும் ஒழிந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இன்னும் அது தமக்குள் தலைதூக்குவதுண்டு என்று ஒளிக்காமல் கூறினார். உலகம் முழுவதும் பரிசுத்தவான் என்று கொண்டாடிய மனிதர், தம் பரிசுத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டவில்லை.

புகழும் பழியும்

1918-இல் சாது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார், பெருங்கூட்டங்கள் திரண்டன. பின்பு ஜப்பான், சீனா, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று அழைப்புகள் தொடர்ந்தன. இவ்வளவு புகழ் பெருமையைத் தராதா என்ற கேள்விக்கு, அவர் ஒரு கழுதையைக் காட்டிப் பதிலளித்தார். எருசலேமில் மக்கள் விரித்த வஸ்திரங்களின்மேல் நடந்தது கழுதைதான்; ஆயினும் அந்த மரியாதை அதன்மேல் வீற்றிருந்தவருக்கே உரியது என்பது அவர் கருத்து.

புகழுக்குப்பின் பழியும் வந்தது. 1920-களில் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சிலர் அவர் கூறிய அனுபவங்களை ஐயுற்று, அவரைப் பொய்யர் என்றே எழுதினார்கள். உடல்நலம் குன்றியிருந்த அந்த ஆண்டுகளில் சாது இமயமலை அடிவாரத்தில் தங்கி, ஜெபத்திலும் தியான நூல்களை எழுதுவதிலும் நாட்களைச் செலவிட்டார்.

அவருடைய ஜெபத்தின் கனி ஒன்றை இங்கே சொல்லாமல் விடலாகாது. அவரை வீட்டைவிட்டு அனுப்பிய தகப்பனார் ஷேர் சிங், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். மகனுடைய இங்கிலாந்துப் பயணத்திற்கு அவரே பணம் கொடுத்தார். சுந்தர் கோபத்துக்குக் கோபத்தையே திருப்பிக் கொடுத்திருந்தால், அந்தக் கதவு என்றென்றைக்கும் மூடியே இருந்திருக்கும்.

1929 ஏப்ரலில், நலிந்த உடலோடு மீண்டும் திபெத்தை நோக்கிப் புறப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. அவருக்குக் கல்லறையும் இல்லை.

நமக்கு

பிரியமானவர்களே, மனந்திரும்பிய நாளிலேயே சுந்தரின் சோதனைகள் ஓய்ந்துவிடவில்லை. அவை வந்தபோது எங்கே போகவேண்டும் என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார். ஆகவே, இன்று காலையில் சினந்துவிட்டதால் நீங்கள் தள்ளுண்டவர்கள் என்று சோர்ந்துபோகாதிருங்கள். அதே வேளையில், இது என் சுபாவம், என்ன செய்வது என்று அதற்கு இடங்கொடுக்கவும் வேண்டாம். நம்மைப்போல் எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்ட பிரதான ஆசாரியர் நமக்கு உண்டு (எபிரெயர் 4:15).

உங்களைப் புண்படுத்தியவருடைய பெயரை இன்றிரவு தேவனுடைய சமுகத்தில் சொல்லுங்கள். குற்றம் சாட்டுவதற்காக அல்ல; லாகூர் மரத்தடியில் நடந்ததுபோல், உங்கள் பங்குக்கு மன்னிப்புக் கேட்பதற்காக. சூரியன் அஸ்தமிக்குமுன் கோபத்தை விட்டுவிடும்படி அப்போஸ்தலனாகிய பவுல் கற்பித்திருக்கிறார் (எபேசியர் 4:26). இரவு இரயிலில் திரும்பும் தகப்பனே, வீட்டுக் கதவைத் தட்டுமுன் ஒரு நிமிடம் வாசலில் நின்று ஜெபியுங்கள். பகலெல்லாம் உள்ளே சேர்ந்த அழுத்தத்தைக் கர்த்தரின் பாதத்தில் இறக்கிவைத்துவிட்டு, உள்ளே செல்லுங்கள்.

தங்கவயலில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் பொன்னே கிடைக்கும். அந்தச் சில கிராமுக்காக மனிதர் மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்கினார்கள். நம் உள்ளத்தின் கடினப் பாறையைப் பொறுமையோடு உடைத்து, அதிலிருந்து சாந்தம் என்னும் பொன்னை எடுக்கும் தேவன் நம்மைக் கண்டு சலிப்பதில்லை. அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.