யோசேவ் வாஸ் அடிகளாரும் அவரை ஒளித்து வைத்தவர்களும்

2015 ஜனவரி 14ஆம் திகதி காலை, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே அவர் மடுவுக்குப் போனார். போர் முடிந்து ஆறு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வன்னியிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வாழ்கின்ற என்னைப் போன்றவர்களின் கவனமெல்லாம் மடுவில்தான் இருந்தது. காலையில் புனிதராக்கப்பட்டவர் யார், அவருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று அன்று பலர் கேட்டுக்கொள்ளவில்லை. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனாலும் அந்த மனிதரின் கதையைத் தேடிப் படித்தபோது, அது எங்களுடைய கதைக்கு மிகவும் பக்கத்தில் இருப்பதைக் கண்டேன்.

யோசேவ் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில், தாயின் ஊரான பெனாவ்லிமில் பிறந்தார். கொங்கணி பேசும் குடும்பம். 1676இல் குருவானார். சில வருடங்கள் கன்னடக் கரையோரத்தில் பணியாற்றினார். இலங்கையில் கத்தோலிக்க மக்கள் ஒரு குருவானவர்கூட இல்லாமல் தவிக்கிறார்கள் என்ற செய்தி அவர் மனதை விட்டு அகலவில்லை.

அந்தத் தவிப்புக்கு ஒரு பின்னணி இருந்தது. போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில் மதம் வாளோடு வந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அவர்கள் இடித்ததை யாழ்ப்பாணம் இன்றும் மறக்கவில்லை. பின்னர் ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டார்கள். குருவானவர் ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. ஒரு படை செய்த அநியாயத்தைச் சுமந்த அதே மண்ணில், அடுத்த படையின் அநியாயத்தையும் சாதாரண சனங்களே சுமந்தார்கள்.

ஏறத்தாழ 30 வருடங்கள் இப்படியே கழிந்தன. ஒரு தலைமுறை பூசையைக் காணாமலே வளர்ந்தது. வீட்டுக்குள் செபமாலை மட்டும் மிஞ்சியது.

1687இல் வாஸ் அடிகளார் வந்தார். அவருக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை, படையும் இல்லை. குருவானவரின் உடையும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில், யோவான் என்ற தோழரோடு தோணியேறினார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது பட்டினியும் வயிற்றோட்டமும் அவரைப் படுக்கையில் தள்ளின. தொற்றிவிடும் என்று பயந்து சனங்கள் ஒதுங்கினார்கள். அப்போது ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது.

எழுந்து நடக்க முடிந்ததும் பிச்சைக்காரனாக வீடு வீடாகப் போனார். கழுத்தில் செபமாலை தொங்கியது. அதைப் பார்த்து யாருடைய கண்ணில் மாற்றம் தெரிகிறது என்று கவனித்தார். அப்படித்தான் தன்னுடைய மக்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை அவருக்குத் தங்குமிடமானது. தமிழ் அவருடைய மொழியானது. 36 வயதில் வேற்று நாட்டில் இன்னொரு மொழிக்குள் நுழைந்த அவர், பிற்காலத்தில் சிங்களமும் பேசினார்.

அவருடைய ஒரு கிழமை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பகலில் ஏதாவதொரு வீட்டின் உள்ளறை. இருட்டியதும் ஊரின் ஒரு மூலையில் சனம் சேரும். பாவசங்கீர்த்தனம் கேட்பார். பல வருடங்களாகக் காத்திருந்த குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார். விடியுமுன் பூசை முடிந்துவிடும். வெளிச்சம் வருவதற்குள் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். நித்திரை எப்போது, சாப்பாடு எங்கே என்பதெல்லாம் அன்றன்று கதவு திறக்கும் வீட்டைப் பொறுத்தது. மூன்று வருடங்கள் இப்படி ஓடின. எத்தனை கதவுகள் திறந்திருக்கும்! ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் தன் உயிரைப் பணயம் வைத்திருந்தது.

1689 நத்தார் இரவில் அந்தக் கணக்கைத் தீர்க்கும் நேரம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பூசைக்காகக் கூடியிருந்த ஏறத்தாழ 300 பேரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தார்கள். அடிகளார் அகப்படவில்லை. அகப்பட்டவர்களில் எட்டுப் பேருக்குக் கடும் தண்டனை கிடைத்தது. ஒல்லாந்தரின் மதத்திலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்திருந்த தொன் பேதுரு, அடி தாங்காமல் இறந்தார். மற்ற ஏழு பேருக்கும் ஆயுள் முழுவதும் கட்டாய வேலை.

சுற்றிவளைப்பு என்ற சொல்லை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒருபிடி சோறு கொடுத்ததற்காக, ஓரிரவு திண்ணையில் படுக்க விட்டதற்காகக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தன்னை நாடி வந்தவனுக்கு இடம் கொடுப்பதா, கதவைச் சாத்துவதா என்ற கேள்வியோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த எட்டுப் பேரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று தெரியும்.

தன்னை வைத்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அடிகளார் அறிந்திருந்தார். 1690இல் அவர் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளம் பக்கம் போனார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ்சாட்டிச் சிறையில் போட்டார்கள். சிறை வளவிலேயே ஒரு சிறு குடிசைக் கோயில் எழுந்தது. அவரால் ஆபத்தில்லை என்று மெல்ல மெல்ல அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் புரிந்தது. கடும் வரட்சியில் அடிகளார் செபித்தபோது மழை பெய்தது என்று கத்தோலிக்க மரபு சொல்லும். அதன்பின் அவர் சுதந்திரமாக நடமாடினார். கிறிஸ்தவ ஒல்லாந்தர் வேட்டையாடிய ஒரு கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த அரசன் ஒருவன் அடைக்கலம் கொடுத்தான். இந்த நாட்டின் வரலாற்றில் இப்படியும் ஒரு பக்கம் உண்டு.

களனி ஆறு மலைநாட்டிலிருந்து இறங்கி, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் கடலோடு சேருகிறது. அன்று மேலே இருந்தது கண்டி அரசனின் நிலம். கீழே கடற்கரை ஒல்லாந்தருடையது. மலையில் அடிகளார் அனுமதி பெற்ற குருவானவர். கரையில் காலடி வைத்தால் குற்றவாளி. அப்படியிருந்தும் அவர் மாறுவேடத்தில் கொழும்புக்கு வந்து, வீடுகளுக்குள் இரகசியமாகப் பூசை வைத்துத் திரும்பினார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தொடக்கத்தையும் ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து வாழ்ந்த இன்னொரு குருவானவரோடுதான் மரபு இணைக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் அங்கே மெழுகுதிரி கொளுத்துவதை நான் பார்க்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்தது. அது வாஸ் அடிகளாரின் பிறந்த திகதி.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் நகரை விட்டுப் போனான். நோயாளிகளை உறவினர்களே காட்டில் விட்டுப் போனார்கள். அடிகளார் போகவில்லை. கைவிடப்பட்ட வீடுகளை வைத்தியசாலையாக்கி, மதம் பார்க்காமல் கஞ்சி கொடுத்தார், புண் கழுவினார், இறந்தவர்களைப் புதைத்தார். பத்து வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் தொற்றுக்குப் பயந்து எல்லோரும் ஒதுங்கியபோது தான் வாங்கிக் குடித்த கஞ்சியை அவர் மறந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெயர் தெரியாத பெண்ணிடம் கற்றதைத்தான் கண்டியில் செய்தார் என்றே எனக்குப் படுகிறது.

கோவாவிலிருந்து வேறு குருமாரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரைத் தமிழர்கள் சாங்கோபாங்க சுவாமி என்று அறிவார்கள். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் எங்கள் கத்தோலிக்க ஊர்களில் வாசிக்கப்பட்டு வருகிறது. வாஸ் அடிகளாருக்கு ஆயர் பதவி தர முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. கோவாவுக்குத் திரும்பவும் இல்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் இன்று அவருடைய கல்லறையை அடையாளம் காட்ட முடியவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் அடிகளார்கள் நினைவுக்கு வருகிறார்கள். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிச் சனத்தோடு நின்று, பின்னர் காணாமல்போன ஜிம் பிறவுண் அடிகளார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து சனத்தோடு வெளியே வந்து, அதன்பின் காணப்படாத பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். இவர்களுக்கும் கல்லறை இல்லை. போகலாம் என்றிருந்தபோதும் போகாமல் நின்றவர்கள் இவர்கள்.

புனிதராகும் ஒருவரின் படம் பீடத்தில் ஏறும். அவருக்குக் கதவு திறந்தவர்களின் படம் எங்கும் ஏறாது. யாழ்ப்பாணத்துக் கஞ்சிப் பெண்ணுக்கும் ஆயுள் முழுக்க வேலை செய்த ஏழு பேருக்கும் திருநாள் கிடையாது. எங்கள் போரிலும் பங்கருக்குள் அந்நியனுக்கு இடம் விட்டவர்கள், கடைசி மாப்பையைப் பங்கிட்டவர்கள், காயக்காரனைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்னும் உயிரோடு, எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களையாவது நாங்கள் இப்போதே கேட்டு எழுதி வைக்கலாம்.