டாக்டர் பல்புவும் சுவாமிஜியின் அறிவுரையும்

திருவனந்தபுரத்தில் 1863இல் ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் பல்பு. 1884இல் திருவிதாங்கூர் மருத்துவத் தேர்வில் நான்காவதாகத் தேறியும் சாதியின் பொருட்டுப் படிக்க அனுமதி பெறவில்லை. சென்னையில் பயின்று மருத்துவரானார். சொந்த நாடு வேலை தரவில்லை. மைசூர் அரசு தந்தது. பெங்களூரில் அம்மைத் தடுப்புப் பணியில் அமர்ந்தார்.

1891இல் திருவிதாங்கூர் மன்னருக்கு அனுப்பப்பட்ட மலையாளி விண்ணப்பத்தில் மூன்றாவதாகக் கையெழுத்திட்டார். ஈழவர்கள் கல்வியில் நாட்டமின்றிக் குலத்தொழிலிலேயே நிறைவு காண்பவர்கள் என்ற கருத்தில் மறுமொழி வந்தது. கையெழுத்திட்டவரின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு!

1892இல் மைசூர் ராஜ்யத்திற்கு வந்த சுவாமி விவேகானந்தரிடம் தம் மக்களின் நிலையைப் பல்பு விளக்கினார். ஆன்மிகப் பெரியவர் ஒருவரை மையமாகக் கொண்டு பணியாற்றுமாறு சுவாமிஜி கூறினார். அரசாங்கத்தால் ஆகாதது துறவியால் ஆகுமா என்று அறிவியல் பயின்றவர் ஒதுக்கியிருக்கலாம். பல்பு ஒதுக்கவில்லை. அதற்காக விண்ணப்பத்தையும் விட்டுவிடவில்லை. 1896இல் 13,176 பேரின் கையெழுத்துடன் மீண்டும் மன்னரை அணுகினார். அதுவும் பயன் தரவில்லை.

இதற்கிடையே ஸ்ரீ நாராயண குருவின் சீடரான குமாரன் ஆசானைப் பெங்களூரில் தம் ஆதரவில் சம்ஸ்கிருதம் பயிலச் செய்தார். இன்று அல்சூரும் மர்பி டவுனும் உள்ள கண்டோன்மெண்ட் பகுதியிலும் நகரிலும் 1898இல் பிளேக் பரவியபோது முகாம்களில் நோயாளிகளிடையே உழைத்தார்.

1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவானது. தலைவர் குரு, செயலாளர் ஆசான். 1936இல் திருவிதாங்கூர் ஆலயங்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டபோது பல்புவுக்கு வயது 73.